வரிச் சுமையும் நீதியும்
நெல்வரி முதல் பெறுமதி சேர் வரி வரை

அரசு எங்குளதோ அங்கு இறையும் உளது. காவலும் வழக்குத் தீர்வும், தெருவும் குளமும், கல்வியும் மருத்துவமும் குடிகளுக்குக் கிடைத்தல் வேண்டுமாயின் அவற்றுக்குரிய பொருளைக் குடிகளே ஈதல் வேண்டும். ஆதலின் வரி வேண்டுமா, வேண்டாவா என்பது வினாவன்று. எவரிடமிருந்து, எவ்வளவு, எம்முறையிற் பெறின் அது நீதியாகும் என்பதே வினாவாகும்.

இவ்வினா தமிழருக்குப் புதியதன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. சிறியதொரு வயலாயினும் விளைந்ததை அறுத்து அளவாக ஊட்டின் அஃது யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். யானை தானே வயலுட் புகுமாயின் பெருநிலமும் போதாது. அது தின்பதினும் மிதித்து அழிப்பது மிகும். அரசன் வரி கொள்ளும் முறைக்குப் புலவர் காட்டிய உவமை இது. படுவான்கரை வயல்களில் இரவெல்லாம் யானைக் காவல் இருப்போருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், காத்தான்குடியை அடுத்துள்ளது ஆரையம்பதி. முன்னர் ஆரைப்பற்றை என வழங்கிய இவ்வூருக்குக் கிழக்கே கடலும் மேற்கே வாவியும் எல்லைகளாம். வாவியின் அப்பாற் கரையே படுவான்கரை. நெல் விளையும் நிலம் பெரிதும் அங்குளது. 2014ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை இரு கரைக்கும் இடையே தோணியும் பாதையுமே துணையாயிருந்தன. வாவியில் வலை வீசுவோர், கடலிற் செல்வோர், அக்கரை வயலிற் கூலிக்கும் பங்குக்கும் பாடுபடுவோர், கடை வைத்திருப்போர், ஆசிரியர், எழுதுவினைஞர் எனப் பல தொழிலினர் இப்பக்கத்து ஊர்களில் வாழ்கின்றனர். கொழும்பில் விதிக்கப்படும் ஒரு வரி இவர்களுள் எவருடைய தோளில் எவ்வளவு பாரமாக இறங்குகின்றது என நோக்குதல், வரி நீதியை அறிதற்குத் தக்க வழியாகும்.

பொருளியலார் இதுபற்றிக் கூறுவதைச் சுருங்கக் காண்பது முதற்கண் வேண்டப்படும். ஆதம் சிமித் என்பார் 1776இல் வெளியிட்ட நூலில் நல்ல வரிக்கு நான்கு இலக்கணம் வகுத்தார். ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கு ஏற்பச் செலுத்துதல், செலுத்த வேண்டிய தொகை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருத்தல், செலுத்துவோருக்கு வசதியான காலத்திலும் முறையிலும் அறவிடப்படுதல், அறவிடுஞ் செலவு குறைந்திருத்தல் என்பன அவை. இந்நான்கினுள் முதலாவதே நீதிபற்றியது. ஏனைய மூன்றும் நிருவாகம் பற்றியன போலத் தோன்றினும், அவை பிழைத்தவிடத்து நீதியும் பிழைக்கும் என்பதை இலங்கை வரலாறு காட்டும். இனி, சட்டம் எவரை நோக்கி வரியைக் கேட்கின்றதோ அவரே அதன் சுமையை இறுதியிற் சுமப்பவர் என்று கொள்ளுதல் தவறு. கடைக்காரர் செலுத்தும் வரி விலையோடு கலந்து வாங்குவோரைச் சென்றடையும். நிலவுடைமையாளர் செலுத்தும் வரி சிலபோது பங்குக் கமக்காரரைச் சாரும். வரியின் பெயரையும் வீதத்தையும் மட்டும் கண்டு அதன் நீதியைத் தீர்மானித்தல் இயலாது. அது சென்று தங்கும் இடத்தைக் காணல் வேண்டும்.

எல்லாரிடத்தும் ஒரே தொகையைப் பெறுதல் சமத்துவம் போலத் தோன்றும். 1848ஆம் ஆண்டு, தேசாதிபதி றொறிங்டன் பிரபுவின் ஆட்சியில் நிறைவேற்றப்பட்ட வீதிச் சட்டம் இவ்வகையினது. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். பெருந்தோட்ட முதலாளிக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டன்று. அன்றாடங் காய்ச்சிக்கோ அஃது ஆறு நாளைய சோறு. துவக்கு, நாய், கடை ஆகியவற்றின் மீதும் அக்காலத்தே வரிகள் விதிக்கப்பட்டன. காப்பி ஏற்றுமதித் தீர்வையிற் சலுகை வழங்கப்பட்ட காலமும் அதுவே. தோட்டக்காரர் தோளினின்று இறக்கிய சுமை கிராமத்தார் தோளில் ஏற்றப்பட்டதெனக் குடிகள் கருதியதில் வியப்பில்லை. அவ்வாண்டில் மாத்தளை, குருநாகல் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரிகள் முக்கிய காரணமாயின. வேறு சில வரிகள் கைவிடப்பட்டபோதிலும் இது தலைவரியாக நெடுங்காலம் நிலைத்து, 1920களிலேயே ஒழிந்தது.

ஒரே தொகை அநீதியாயின், ஒரே விகிதம் நீதியாகுமோ? இதற்கு விடை தருவது நெல்வரியின் வரலாறு. விளைவில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுத்தல் இலங்கையில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். பிரித்தானியர் ஆட்சியிற் பொதுவாகப் பத்தில் ஒன்றும், சில நிலங்களுக்கு அதனிற் கூடுதலும் அறவிடப்பட்டன. விளைவு மிகுந்தால் வரி மிகும், குறைந்தால் குறையும் ஆதலின் இம்முறை தன்னளவில் நன்றே. ஆயின் அரசு தானே களத்துக்கு வந்து நெல்லை அளந்து பெறவில்லை. வரி பெறும் உரிமையை ஏலத்தில் விற்றது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் வந்து பார்க்கும் வரை கதிர் முற்றிய வயலும் அறுவடைக்குக் காத்துக் கிடந்தது. மழையும் பறவையும் காத்திருக்கவில்லை. பத்தில் ஒன்று என்பது ஏட்டளவிலும், குத்தகைக்காரரின் இலாபத்தோடு கூடிய பெரும்பங்கு களத்தளவிலும் நின்றன.

இக்குறைகளை நீக்கும் பொருட்டு 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் வேறொரு முறை வகுக்கப்பட்டது. நெல்லாகப் பெறுவதை விடுத்து, நிலத்தின் சராசரி விளைவைக் கணித்து, ஆண்டுதோறும் குறித்த பணத்தொகையைச் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. குத்தகைக்காரர் கொடுமை நீங்கியது. தொகையும் ஐயமின்றித் தெரிந்தது. ஆதம் சிமித் கூறிய இலக்கணங்களுள் ஒன்று நிறைவேறியது; மற்றொன்று வீழ்ந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் வரி பொய்க்கவில்லை. நெல்லையன்றிக் காசைக் காணாத கமக்காரர் காசுக்காகக் கடன்பட்டனர். வரி நிலுவைக்கு நிலம் ஏலம் போயிற்று. 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் சிறு தொகைகளுக்காகக் குடும்பங்கள் நிலமிழந்து, பசியும் நோயும் அவர்களை வாட்டின. அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தினார். ஜோர்ஜ் வோல் முதலியோர் இவ்வரிக்கு எதிராக எழுதினர். இங்கிலாந்தின் கொப்டன் சங்கமும் குரல் கொடுத்தது. ஈற்றில் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892இல், நெல்வரியை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது.

இந்நீக்கம் எவருக்கு நன்மையாயிற்று என்பது ஆராயத்தக்கது. மலைநாட்டில் தன் சிறு வயலைத் தானே உழுத கமக்காரருக்கு அது நேரான விடுதலை. மட்டக்களப்பு நாட்டு நிலைமை வேறு. இங்கு பரந்த வயல்களைப் போடியார்கள் உடைமையாகக் கொண்டிருந்தனர். முல்லைக்காரரும் வயற்காரரும் அவர்தம் நிலத்திற் பாடுபட்டுப் பங்கு பெற்றனர். பொலியிலிருந்து வரி முதலில் எடுக்கப்பட்டு எஞ்சியது பங்கிடப்படுமாயின், வரி நீங்கும்போது இருவருக்கும் பங்களவில் ஆதாயம் உண்டு. வரியை நிலவுடைமையாளரே செலுத்துவாராயின் ஆதாயம் முழுவதும் அவரையே சாரும். இனி, நிலமற்றோர் பலராகவும் நிலம் உடையோர் சிலராகவும் இருக்குமிடத்தில், அடுத்த போகத்துக்குப் பங்கு பேசும்போது வயற்காரர் பெற்ற சிற்றாதாயமும் மெல்ல நழுவுதல் இயல்பு. மேலும், உள்நாட்டு நெல்மீதான வரி நீங்கியபோதும் இறக்குமதி அரிசி மீதான தீர்வை நீங்கவில்லை. நிலமின்றி அரிசியை விலைக்கு வாங்கி உண்டோர் அதனை விலையோடு சேர்த்துச் செலுத்தலாயினர். ஆகவே கொடிய வரியொன்றை நீக்குதல் மட்டும் ஏற்றத்தாழ்வை நீக்கிவிடாது. உடைமையும் பேரம் பேசும் வலிமையும் எவரிடம் உளவோ, வரிச்சலுகையும் அவரிடமே சென்று சேர்தற்கு இடமுண்டு. இவ்வலிமையைச் சமப்படுத்தும் முயற்சிகள் மிகப் பிந்தியே வந்தன. பங்குக் கமக்காரரின் குத்தகையை வரையறுத்த நெற்காணிச் சட்டம் 1958இலும், தனியார் உடைமையை நெற்காணியாயின் 25 ஏக்கருக்கும் ஏனைய காணியாயின் 50 ஏக்கருக்கும் மட்டுப்படுத்திய காணிச் சீர்திருத்தச் சட்டம் 1972இலும் நிறைவேறின.

நெல்வரி நீங்கி நாற்பது ஆண்டு கழிந்த பின்னரே இலங்கையில் வருமான வரி பிறந்தது. அதுகாறும் நாட்டின் வருவாய் பெரும்பாலும் சுங்கத் தீர்வை, உப்பு, சாராயம் ஆகியவற்றிலிருந்து வந்தது. பெருந்தோட்டங்களிலும் வணிகத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டியோரின் வருமானம் வரிக்கு அப்பாற்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. வருமானம் உயருந்தோறும் வரியின் வீதமும் உயரும் ஏறுவீத முறை அதனோடு வந்தது. இதன் அடிப்படை எளிது. வறியவரின் நூறாவது ரூபா சோற்றுக்குரியது. செல்வரின் இலட்சத்தோராவது ரூபா ஆடம்பரத்துக்குரியது. இரண்டிலிருந்தும் ஒரே பங்கை எடுத்தால் இழப்பு ஒன்றாகாது. ஒரே விகிதம் முழு நீதியாகாமைக்குக் காரணம் இதுவே.

வருமானத்தை மட்டும் அளந்தாற் போதாது, செல்வத்தையும் செலவையும் அளத்தல் வேண்டும் என்றார் கேம்பிரிட்ச் பேராசிரியர் நிக்கொலாஸ் கால்டோர். இந்தியாவுக்கு 1956இலும் இலங்கைக்கு 1958இலும் வந்து அவர் ஆலோசனை கூறினார். அதன் பயனாக 1959இல் இலங்கையிற் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி என்பன சட்டமாயின. நிலமும் நகையும் வைத்திருந்து வருமானம் குறைவெனக் காட்டுவோர் செல்வ வரியால் அகப்படுவர். கடன் வாங்கியேனும் ஆடம்பரமாய் வாழ்வோர் செலவு வரியால் அகப்படுவர் என்பது எண்ணம். எண்ணம் சீரியதே. ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் செலவையும் கணக்கிடும் வல்லமை வரித் திணைக்களத்துக்கு இருந்ததில்லை. செலவு வரி சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது; 1970களில் மீண்டும் வந்து மீண்டும் மறைந்தது. செல்வ வரி 1990களின் முற்பகுதியில் நீங்கியது. இந்தியாவிலும் செலவு வரி நிலைக்கவில்லை; செல்வ வரி 2015இல் நீக்கப்பட்டது. அறவிடும் ஆற்றலில்லாத நீதி ஏட்டோடு நின்றுவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

நேர் வரிகள் தளர்ந்தவிடத்தை நேரில் வரிகள் நிரப்பின. 1998இற் பண்டங்கள் சேவைகள் வரியும், அதற்குப் பதிலாக 2002இற் பெறுமதி சேர் வரியும் வந்தன. இறக்குமதியாகும் சீனி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் மீது கிலோவுக்கு இவ்வளவு ரூபா என அறவிடும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு 2007இற் சட்டமாயிற்று. உயர்ந்த பருப்பை வாங்குவோரும் மலிந்த பருப்பை வாங்குவோரும் கிலோவுக்கு ஒரே தொகையைச் செலுத்தும் இம்முறை, 1848ஆம் ஆண்டின் மூன்று சிலிங்குக்கு உறவுடையதே. அரச வரி வருவாயில் நேர் வரிகளின் பங்கு ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவிலேயே பல்லாண்டு நின்றது.

வரியைக் குறைத்தல் எப்பொழுதும் மக்களுக்கு நன்மை என்று கொள்வோரும் உளர். அண்மைய வரலாறு அதற்கு மறுமொழி பகரும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியின் உச்ச வீதம் 24இலிருந்து 18 ஆயிற்று. வரிவிலக்குள்ள ஆண்டு வருமானம் 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து வந்த பெருந்தொற்றும் வருவாயைக் குன்றச் செய்தது. 1990ஆம் ஆண்டளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 19 வீதமாயிருந்த வரி வருவாய், 2022இல் 8 வீதத்திலும் குறைந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பு நிறுத்தப்பட்டது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் எட்டின. உழைப்பின் பெறுமதி ஓராண்டில் இவ்வாறு கரைதல், பாராளுமன்றம் விதியாத வரி என்றே சொல்லத் தகும். உணவுக்கே வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பங்கள் அதனை மிகுதியாகச் செலுத்தின. வரிவிலக்கின் பெரும்பயனைப் பெற்றோரோ அவர்களல்லர்.

அதன் பின்னர் வரிகள் மீண்டும் உயர்ந்தன. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியனவும் அதனுள் அடங்கின. வருமான வரியின் உச்ச வீதம் 2023இல் 36 ஆயிற்று; வரிவிலக்கு எல்லை ஆண்டுக்கு 12 இலட்சமாக இறங்கி, 2025இல் 18 இலட்சமாக ஏறியது. இவ்விரு வரிகளும் எவ்வாறு சுமையாகின்றன என்பதைக் கற்பனைக் கணக்கொன்றாற் காட்டலாம். ஆரையம்பதியில் மீன்பிடித்து வாழும் குடும்பமொன்றின் மாத வருமானம் 60,000 ரூபா எனக் கொள்க. அரிசி, பாண் முதலிய விலக்களிக்கப்பட்ட பொருள்கள் போக, 30,000 ரூபா பெறுமதியான பொருள்களுக்கு அது வரி செலுத்துமாயின் வரி 5,400 ரூபா; வருமானத்தின் 9 வீதம். கொழும்பில் மாதம் 10 இலட்சம் ரூபா பெறும் குடும்பம் 2 இலட்சம் பெறுமதியான பொருள்களுக்கு வரி செலுத்துமாயின் வரி 36,000 ரூபா, வருமானத்தின் 3.6 வீதம். தொகையில் மிகுந்தவர் விகிதத்திற் குறைந்தார். வருமானம் உயர உயரச் சுமை குறையும் இத்தகைய வரி இறங்குவீத வரி எனப்படும்.

இக்கணக்கு முழு உண்மையன்று என்று கூறுவோர் ஒரு நியாயத்தை முன்வைப்பர். 10 இலட்சம் பெறுபவர் வருமான வரியும் செலுத்துகின்றார். மீனவர் அதனைச் செலுத்துவதில்லை. இரண்டையும் கூட்டின் செல்வரின் சுமையே பெரிது என்பர். அவர் உண்மையாகச் செலுத்துவராயின் இஃது ஏற்கத்தக்கதே. இங்குதான் வினாவின் முடிச்சு உளது. ஆசிரியர், மருத்துவர், வங்கி உத்தியோகத்தர் ஆகியோரின் வரி சம்பளம் கைக்கு வருமுன்னரே கழிக்கப்படுகின்றது. காணி விலையேற்றத்தாலும், கணக்கில் வாராத வணிகத்தாலும், வரிவிடுமுறை பெற்ற முதலீட்டாலும் செல்வம் சேர்ப்போரின் வருமானம் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. மறைத்தல் இயலும் வருமானம் மறைக்கப்படும்போது, மேற்காட்டிய 3.6 வீதமே அன்னோர் செலுத்தும் முழு வரியாக எஞ்சுகின்றது. இதனால் மீனவரோடு சம்பளக்காரரும் அவர்க்குரிய சுமையைச் சுமக்கின்றார்.

இவ்வேற்றத்தாழ்வு சிறியதன்று. 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமானச் செலவின ஆய்வின்படி, நாட்டின் மொத்த வீட்டு வருமானத்தில் உச்சியிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினர் 50.8 வீதத்தையும், அடியிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினர் 4.8 வீதத்தையும் பெற்றனர். இந்நிலையில் வரியின் பெரும்பகுதியை நுகர்விலிருந்து எடுத்தல், வற்றிய குளத்தில் நீர் இறைத்தலை ஒக்கும்.

வரி எடுக்கும் முறையோடு அது செலவாகும் வழியையும் சேர்த்தே நீதியை அளத்தல் வேண்டும். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும், கட்டணமில்லா அரச மருத்துவமனையும் வறியவர் கொடுத்த வரியைப் பன்மடங்காக அவர்க்கே திருப்பித் தந்த ஏற்பாடுகள். வலை வீசுவோரின் பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தது இவற்றாலேயே. நேரில் வரியும் இவ்வாறு செலவாகுமாயின் அதன் கடுமை ஓரளவு தணியும். பாடசாலையிலும் மருந்திலும் சிக்கனம் பிடித்து, அதே வேளையில் பருப்புக்கும் எரிபொருளுக்கும் வரி ஏற்றினால், குடி இருபுறமும் இழக்கும்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின்: ஒரே தொகை நீதியாகாது என்பதை 1848ஆம் ஆண்டும், ஆண்டின் விளைவை நோக்காத தொகை நீதியாகாது என்பதை 1878ஆம் ஆண்டும், வரி நீக்கம் தானாகவே வறியவரை அடைவதில்லை என்பதை 1892ஆம் ஆண்டும், அறவிடும் ஆற்றலின்றி நல்ல சட்டமும் பயன்படாது என்பதை 1959ஆம் ஆண்டும், வரியின்மையே கொடிய வரியாதலும் கூடும் என்பதை 2022ஆம் ஆண்டும் கற்பித்தன. ஆகவே புதியதொரு வரி முன்மொழியப்படும்போது அதன் வீதம் யாது என்பதோடு அமைதல் ஆகாது. இது யாரைச் சென்று தங்கும்? அவர் அதனைத் தாங்கும் ஆற்றல் உடையவரா? தாங்க வல்லவர் தப்பிக்கும் வழி அடைக்கப்பட்டதா? எடுத்த பொருள் எங்கே செல்கின்றது? இவற்றைக் கேட்கும் அறிவு பாராளுமன்றத்தார்க்கு மட்டும் உரியதன்று. தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகின்ற ஒவ்வொருவர்க்கும் உரியது.

பிசிராந்தையார் பாண்டியனிடம் வரியே வேண்டாவென்று கூறவில்லை. அளவாக ஊட்டுக, வயலுள் விடாதே என்றே கூறினார். வயல் அழியுமாயின் அடுத்த போகத்தில் யானைக்கும் உணவில்லை என்பது, அவ்வுவமையுள் அரசுக்கென அமைந்த எச்சரிக்கையாகும்.